உயர்ரக ஸ்டீயரிங்: கைக்கு முதலிடம், கண்ணுக்கு அடுத்த இடம்

ஸ்டீயரிங்கைத் தன் தண்டாலேயே நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் மோட்டாரை வாங்கிப் பொருத்தி, இருக்கையையும் பெடல்களையும் சரிசெய்து முடித்தவுடன், வீட்டிலிருந்தபடி கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங் ஓட்டுநர்களின் பார்வை ஸ்டீயரிங் பக்கம் திரும்புகிறது. விற்பனைப் படங்களில் கார்பன் ஃபைபர் முகப்பு பளபளக்கிறது. நடுவில் வண்ணத் திரை ஒளிர்கிறது, பொத்தான்களைச் சுற்றி விளக்குகள் எரிகின்றன. சில ஸ்டீயரிங்குகளின் விலை, அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் விலையையே தாண்டுகிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு கை உணர்வதற்குப் போகிறது, எவ்வளவு கண் பார்ப்பதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கியவர்கள் சீக்கிரமே மனம் மாறி அதை விற்கப் பார்க்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விறைப்பு, எடை, விட்டம், பிடி, பேடில் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் நெம்பு) ஆகிய ஐந்துக்கும் தாராளமாகச் செலவிடலாம். திரைக்கும் அலங்கார விளக்குகளுக்கும் செலவிடுவதை ஆனமட்டும் தள்ளிப்போடலாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி தேவை.

ஒரு காலத்தில் ஸ்டீயரிங்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழவில்லை. ஸ்டீயரிங்கும் மோட்டாரும் ஒரே பொருளாக, பிரிக்க முடியாதபடி வந்தன. 2006-இல் வெளிவந்த லாஜிடெக் ஜி25 அந்த வகையின் அடையாளம். அதில் சிறிய மோட்டார்களின் விசை பல்சக்கரங்கள் வழியாகக் கைக்கு வந்தது. அதன் வாரிசுகளான ஜி27, ஜி29 ஆகியவையும் அதே வழியில்தான் வந்தன. த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவை பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டைப் பயன்படுத்தி விசையை மென்மையாக்கின. இதற்கிடையே, தொழிற்சாலை இயந்திரங்களுக்கான சர்வோ மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கை நேராக மாட்டினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த லியோ பாட்னர் போன்றவர்கள் அப்படிப்பட்ட அமைப்புகளைச் செய்து விற்றார்கள். ஆர்வலர்கள் ஒன்றுகூடி ஓப்பன் சிம் வீல் என்ற திறந்த திட்டத்தை வளர்த்தார்கள். மோட்டாரை ஒருவரிடமும் கட்டுப்பாட்டுப் பலகையை இன்னொருவரிடமும் வாங்கி, வீட்டிலேயே கம்பிகளை இணைத்து ஓட்டிய காலம் அது.

அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையைச் செய்த பின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் நிறுவனம்தான் பிறகு சிமுகியூப் என்ற பெயரில் முழு மோட்டார்களையே விற்கத் தொடங்கியது. சிமுகியூப் 2 வரிசையில் 17, 25, 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என மூன்று மாதிரிகள் வந்தன. ஜெர்மனியின் ஃபனாடெக் 2019-இல் போடியம் டிடி1, டிடி2 மோட்டார்களைக் கொண்டுவந்தது. 2021-இல் அதே நிறுவனத்தின் சி.எஸ்.எல். டிடி, 5 மற்றும் 8 நியூட்டன் மீட்டர் அளவில் டைரக்ட் டிரைவை நடுத்தரச் செலவுக்குள் கொண்டுவந்தது. மோசா, சிமாஜிக், அசெடெக் என்று களம் நிரம்பியது அந்தக் காலகட்டத்தில்தான்.

தொழிற்சாலை மோட்டாரை வாங்கினால் தண்டு மட்டும்தான் வரும்; ஸ்டீயரிங் வராது. ஆகவே தொடக்கக் காலத்தவர்கள் மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. போன்ற இத்தாலிய நிறுவனங்கள் உண்மையான பந்தயக் கார்களுக்காகச் செய்யும் ஸ்டீயரிங்குகளை வாங்கி, தகட்டில் துளையிட்டுப் பொத்தான்களைப் பதித்துக்கொண்டார்கள். அந்தக் கைவேலையைத் தொழிலாக மாற்றியவர்கள்தான் இன்றைய உயர்ரக ஸ்டீயரிங் தயாரிப்பாளர்கள். இத்தாலியின் கியூப் கன்ட்ரோல்ஸ், ஜெர்மனியின் ஆஷர் ரேசிங், இங்கிலாந்தின் பிரிசிஷன் சிம் இன்ஜினியரிங் போன்ற பெயர்கள் இப்படித்தான் பரவின. மோட்டார் ஒரு நிறுவனத்திடமும் ஸ்டீயரிங் இன்னொரு நிறுவனத்திடமும் வாங்கும் வழக்கம் இங்கிருந்து வந்தது. சுதந்திரம், சிக்கல் இரண்டும் இதனால்தான்.

விளிம்பில் கிடைக்கும் விசை

மோட்டாரின் முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்கிறார்கள். கைக்கு வந்து சேர்வது ஸ்டீயரிங்கின் விளிம்பில் கிடைக்கும் இழுப்பு. 12 நியூட்டன் மீட்டர் தரும் மோட்டாரில் 300 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆரம் 0.15 மீட்டர் என்பதால் விளிம்பில் 80 நியூட்டன் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய எட்டு கிலோ எடையைத் தாங்கும் அளவு. அதே மோட்டாரில் 270 மி.மீ. ஃபார்முலா (திறந்த சக்கரப் பந்தயக் கார்) ஸ்டீயரிங்கை மாட்டினால் அது 89 நியூட்டன் ஆகிறது. 350 மி.மீ. வட்ட ஸ்டீயரிங்கில் 69-க்குள் இறங்கிவிடுகிறது. மோட்டாரின் அமைப்புகளைத் தொடாமலேயே, விட்டம் மாறியதால் மட்டும் ஏறத்தாழ முப்பது சதவீத வித்தியாசம். புதிய ஸ்டீயரிங்கை மாட்டியதும் 'மோட்டார் வலுத்துவிட்டது', 'மோட்டார் தளர்ந்துவிட்டது' என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எடையின் கணக்கு இதைவிடக் கடுமையானது. சுழலும் பொருள் தன் சுழற்சி நிலையை மாற்றிக்கொள்ளத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். எடை கூடினால் அது அதே விகிதத்தில் கூடுகிறது. ஆரம் கூடினாலோ அதன் வர்க்கத்தில் கூடுகிறது. முழு எடையும் விளிம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1.2 கிலோ எடையும் 270 மி.மீ. விட்டமும் உள்ள ஸ்டீயரிங்கைவிட, 1.8 கிலோ எடையும் 350 மி.மீ. விட்டமும் உள்ள ஸ்டீயரிங்குக்கு இந்தத் திருப்புத்திறன் இரண்டரை மடங்கு. உண்மையில் எடையின் ஒரு பகுதி நடுவில் இருப்பதால் விகிதம் சற்று மாறலாம், போக்கு மாறாது.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? பின்சக்கரங்கள் பிடி நழுவத் தொடங்கும் கணத்தில் கார் ஸ்டீயரிங்கைத் தானாகவே எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். இலேசான ஸ்டீயரிங் அந்தச் செய்தியை உடனே கைக்குத் தருகிறது. கனமானது சற்றுத் தாமதித்துத் தருகிறது. கிளம்பிவிட்டால் நிற்கவும் தாமதிக்கிறது. சாலையோர மேடுகளின் மெல்லிய அதிர்வுகள் கனத்தில் மழுங்கிப்போகின்றன. 20 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரும் மோட்டாருக்கு இந்தச் சுமை பெரிதாகத் தெரியாது. 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே சிறிய மோட்டார் வைத்திருப்பவர், பெரிய திரையும் அலுமினியப் பொத்தான் பெட்டியும் சேர்ந்த கனத்த ஸ்டீயரிங்கை வாங்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கையில் இருக்கும் மோட்டாரின் நுணுக்கத்தைப் பணம் கொடுத்துக் குறைத்துக்கொள்வதாக அது முடியும்.

விறைப்பும் இணைப்பும்

மோட்டார் தண்டிலிருந்து உள்ளங்கை வரை விசை பல கண்ணிகளைக் கடக்கிறது. தண்டு, குயிக் ரிலீஸ் என்ற கழற்றி மாட்டும் இணைப்பு, நடுத்துண்டு, முகப்புத் தகடு, கடைசியாகப் பிடி. ஒரு கண்ணி வளைந்து கொடுத்தாலும் மோட்டார் செய்த நுணுக்கமான வேலை அங்கேயே கரைந்துவிடும். 300 மி.மீ. ஸ்டீயரிங்கில் குயிக் ரிலீஸ் கால் டிகிரி ஆடினால், விளிம்பில் அது அரை மில்லிமீட்டருக்கும் மேலான ஆட்டம். நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கை நடுவில் பிடித்திருக்கும்போது கிடைக்கும் நுண்ணிய தகவல்கள் எல்லாம் அந்த அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. டயர் சூடேறியிருக்கிறதா, முன்பக்கம் பிடிக்கிறதா என்பதை ஓட்டுநர் அங்கேதான் தேடுகிறார்.

வாங்குவதற்கு முன் தொட்டுப்பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சோதனை செய்யலாம். மோட்டாரை இயக்கத்தில் வைத்து, கடிகார முள்ளின் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுக்க வேண்டும். அப்போது கண்கள் பிடியைப் பார்க்கக் கூடாது. இணைப்பைப் பார்க்க வேண்டும். தகடு வளைந்தால் பிடியின் இரு முனைகளும் முன்பின்னாக நகரும், நடு நகராது. குயிக் ரிலீஸ் ஆடினால் முழு ஸ்டீயரிங்கும் ஒரே துண்டாகச் சாயும். கிறீச்சென்ற ஒலி வந்தால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது இரண்டு பிளாஸ்டிக் பரப்புகள் உரசுகின்றன. உயர்ரக ஸ்டீயரிங்குகளில் கார்பன் ஃபைபர் தகடு இருப்பதற்கான உண்மையான காரணம் இந்தச் சோதனையில் தெரியும். குறைந்த எடையில் அவ்வளவு விறைப்பைத் தரும் பொருள் வேறு எளிதாகக் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் உடலின் மேல் அழகுக்காக ஒட்டப்பட்ட கார்பன் ஃபைபர் படலத்துக்கு இந்தப் பெருமை எதுவும் கிடையாது.

இணைப்பின் அளவுகளைத் தெரிந்துவைத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பந்தய ஸ்டீயரிங்குகளில் மிகப் பரவலானது 70 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்த ஆறு துளைகள். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. ஆகிய மூன்றும் இதையே பின்பற்றுகின்றன. நார்டி ஸ்டீயரிங்குகளில் அது 74 மி.மீ. ஃபார்முலா வகையில் 50.8 மி.மீ. வட்டத்தில் மூன்று துளைகள் இருக்கும். சிம் ரேசிங்குக்கென்றே செய்யப்படும் பல தகடுகளில் 70, 50.8 இரண்டு அமைப்புகளும் துளையிடப்பட்டிருக்கின்றன. அப்படி இருந்தால் பின்னாளில் மோட்டாரை மாற்றினாலும் ஸ்டீயரிங் நம்மோடு வரும். குயிக் ரிலீஸை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் இணைப்புகள் மாறுவதுண்டு. ஃபனாடெக் 2023-இல் கியூஆர்2 என்ற புதிய இணைப்பைக் கொண்டுவந்தது. பழைய கியூஆர்1 இணைப்புள்ள ஸ்டீயரிங் கியூஆர்2 மோட்டாரில் ஏறாது. ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தையும் மாற்றியாக வேண்டும். பழைய ஸ்டீயரிங்கை மலிவாக வாங்குபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எந்தக் காருக்கு எந்த வடிவம்

வடிவத்தைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை, எந்தக் காரை அதிகம் ஓட்டுகிறோம் என்று கேட்டுக்கொண்டாலே முடிந்துவிடும். ஃபார்முலா கார்களின் ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்றுக்குப் பக்கத்தில்தான் மொத்தமாகத் திரும்புகிறது. கைகள் பிடித்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. ஆகவே மேலும் கீழும் வெட்டப்பட்ட, 270 முதல் 290 மி.மீ. அகலமுள்ள வடிவம் அங்கே பொருந்துகிறது. சாலைக் கார்களின் அடிப்படையில் அமைந்த ஜி.டி. பந்தயக் கார்களில் திருப்பம் அதைவிடக் கூடுதல் என்றாலும், பந்தயப் பாதையின் சாதாரண வளைவுகளில் கைகளை மாற்றிப் பிடிக்க வேண்டிய தேவை அரிது. 280 முதல் 310 மி.மீ. வரை, மேற்பகுதி திறந்தோ தட்டையாகவோ உள்ள வடிவம் சரியாக இருக்கும்.

ராலியும் ட்ரிஃப்டிங்கும் (காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுவது) வேறு உலகம். அங்கே ஸ்டீயரிங் கைக்குள் வழுக்கிச் சுழல வேண்டும், கை எங்கு போனாலும் பிடி இருக்க வேண்டும். முழு வட்டம்தான் இதற்குச் சரி. 330 முதல் 350 மி.மீ. வரை விட்டம், உட்குழிந்த வடிவமாக இருந்தால் இன்னும் நல்லது. வெட்டப்பட்ட ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு ட்ரிஃப்ட் செய்யப் பார்த்தால், சுழலும்போது கை பிடிக்கப் போகும் இடத்தில் ஒன்றும் இருக்காது. பழைய காலச் சாலைக் கார்களுக்கும் ஓவல் பந்தயக் கார்களுக்கும் இதே வட்டம்தான்.

எல்லா வகைக் கார்களையும் ஓட்டுபவர் ஒரே ஸ்டீயரிங்கோடு இருக்க விரும்பினால், 300 முதல் 320 மி.மீ. வட்டம் அல்லது கீழ்ப்பக்கம் மட்டும் சற்றுத் தட்டையான வட்டம்தான் என் தேர்வாக இருக்கும். ஃபார்முலா காரில் அது கொஞ்சம் பெரிதாகத் தோன்றும், ஆனால் எதையும் செய்யவிடாமல் தடுக்காது. ஃபார்முலா வடிவத்தை மட்டும் வைத்திருப்பவரால் ராலி ஓட்டவே இயலாது.

படத்தைப் பார்த்து அளவை ஊகிப்பது கடினம். வாங்குவதற்கு முன் தடித்த அட்டையில் அந்த அளவுக்கு வெட்டி, தற்போதைய ஸ்டீயரிங்கின் மேல் ஒட்டி, இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். திரையின் கீழ்ப்பகுதியை அது மறைக்கிறதா, தொடையில் இடிக்கிறதா, முழங்கை வசதியாக மடங்குகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தடிமனையும் மறக்கக் கூடாது. பொத்தான் பெட்டியும் குயிக் ரிலீஸும் சேர்ந்தால் பிடி சில சென்டிமீட்டர் ஓட்டுநரை நோக்கி வந்துவிடும். மோட்டாரைப் பின்னுக்குத் தள்ள ரிக்கில் (இருக்கையும் மோட்டாரும் பொருந்தியிருக்கும் சட்டத்தில்) இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேடில்கள்

1989-ஆம் ஆண்டு பிரேசில் கிராண்ட் ப்ரீயில் ஃபெராரி 640 என்ற கார் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த அந்தக் காரில் கியர் கம்பிக்குப் பதில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில்கள் இருந்தன. நைஜல் மேன்செல் அந்த முதல் பந்தயத்திலேயே வென்றார். கியர் மாற்றுவதற்காகக் கையை எடுக்க வேண்டியதில்லை என்ற வசதி ஸ்டீயரிங்கின் வரலாற்றையே திருப்பிவிட்டது. இன்றைக்கு ஓட்டுநர் காருடன் அதிக முறை உரையாடும் இடம் இந்தப் பேடில்தான். ஒரு சுற்றுக்கு 100 நொடி, அதில் 40 கியர் மாற்றங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பந்தயத்தில் 1,440 முறை பேடில் இழுக்கப்படுகிறது. ஸ்டீயரிங்கில் வேறு எந்தப் பகுதியும் இப்படி உழைப்பதில்லை. அதனால்தான் பேடிலின் தரத்தில் சமரசம் வேண்டாம் என்கிறேன்.

உயர்ரக ஸ்டீயரிங்குகளில் காந்தப் பேடில்கள் வழக்கமாகிவிட்டன. பேடிலிலும் உடலிலும் ஒவ்வொரு சிறு நியோடிமியம் காந்தம் இருக்கும்; இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் இழுக்கத் தொடங்கும்போது எதிர்ப்பு உச்சத்தில் இருக்கிறது. காந்தங்கள் பிரிந்த கணத்தில் எதிர்ப்பு சட்டென விழுந்து, பேடில் மறுமுனையில் 'டக்' என்று அடிக்கிறது. கியர் மாறியதா என்ற சந்தேகம் விரலுக்கு வருவதே இல்லை. அந்த உறுதி கிடைத்தபின் பழைய பிளாஸ்டிக் பேடிலுக்குத் திரும்புவது கஷ்டம்.

பேடிலின் நல்ல தன்மையை அறிய மூன்று இடங்களைப் பார்க்கலாம். முதலாவது அச்சு. பேடிலை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பால் பேரிங்கில் சுழல்பவை இதில் நீண்ட காலம் நிலைக்கின்றன. இரண்டாவது நீளமும் தூரமும். விரல் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், பேடிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பொருத்த முடிகிறதா என்பது சிறிய கை உள்ளவர்களுக்கு மிக முக்கியம். மூன்றாவது காந்தத்தின் வலு. மிகையான வலு கொண்ட பேடிலை இழுக்கும்போது ஸ்டீயரிங்கே இலேசாக அசைந்துவிடும். வேகமான வளைவின் நடுவில் கியர் மாற்றினால் இது தெரியும். வலுவை மாற்றியமைக்கும் வசதி இருந்தால் நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காந்தப் பேடில்கள் சத்தம் போடும். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் ஓட்டுபவர்கள், உள்ளே ரப்பர் தடுப்பு உள்ள மாதிரிகளைத் தேட வேண்டும்.

கீழே இருக்கும் கிளட்ச் பேடில்கள் தனி விஷயம். நின்ற நிலையிலிருந்து தொடங்கும் பந்தயங்களில் இரண்டு பேடில்களையும் இழுத்துப் பிடித்து, விளக்கு அணைந்ததும் ஒன்றைச் சட்டென விட வேண்டும். அப்போது கிளட்ச், முன்பே குறித்து வைத்த இடத்துக்கு, அதாவது சக்கரம் பிடிக்கத் தொடங்கும் புள்ளிக்கு, தானாக வந்து நிற்கும். மற்றொன்றை மெல்ல விட்டுக் கிளம்பலாம். ஃபார்முலா கார் ஓட்டுபவருக்கு இது உண்மையிலேயே இடங்களைப் பெற்றுத் தரும். ஜி.டி.3 பந்தயங்களோ பெரும்பாலும் ஓடும் நிலையிலேயே தொடங்குகின்றன. அவற்றை மட்டும் ஓட்டுபவர் கிளட்ச் பேடிலுக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. ஆனால் இந்தப் பேடில்கள் எவ்வளவு இழுக்கப்பட்டன என்பதையும் அளப்பவை என்பதால், கால்களைப் பயன்படுத்த முடியாத ஓட்டுநர்கள் இவற்றையே ஆக்சிலரேட்டராகவும் பிரேக்காகவும் வைத்து ஓட்ட முடிகிறது. அவர்களுக்கு இது ஸ்டீயரிங்கின் மிக அவசியமான உறுப்பு.

பொத்தான்கள், திருகிகள், திரை

ஒரு பந்தயத்தில் உண்மையாகவே தொடும் வசதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரேக் சமநிலை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரிப்பது), சக்கரம் சுழன்று வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏ.பி.எஸ்., எஞ்சின் நிலை, பிட் வேகக் கட்டுப்பாடு (டயர் மாற்றும் பிட் பாதையில் வேகத்தைக் குறைத்து வைப்பது), முன்விளக்கு அடிப்பது, துடைப்பான், ரேடியோ, திரைப் பக்கங்களை மாற்றுவது. நெடுந்தூரப் பந்தயக்காரரின் பட்டியலே இத்துடன் ஏறக்குறைய முடிந்துவிடும். பன்னிரண்டு பொத்தான்களும் நான்கு திருகிகளும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

திருகிகளில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். ரோட்டரி என்கோடர் 'ஒன்று கூட்டு', 'ஒன்று குறை' என்று மட்டும் சொல்லும். பல நிலைச் சுவிட்ச் 'நான் இப்போது 7-இல் இருக்கிறேன்' என்று சொல்லும். பின்னது உண்மைக் கார்களில் உள்ளதைப் போன்றது. எண்ணைப் பார்த்தாலே நிலை தெரியும். ஆனால் சிமுலேட்டரில் காரை மாற்றியதும் விளையாட்டு டிராக்‌ஷன் கன்ட்ரோலை 3-இல் வைத்திருக்கும், கையில் இருக்கும் சுவிட்ச் 7-ஐக் காட்டும். விளையாட்டு அந்த எண்ணை நேரடியாக ஏற்காவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒரே காரை ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்குப் பல நிலைச் சுவிட்ச் பொருந்தலாம். நான்கைந்து கார்களை மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு என்கோடர்தான் நிம்மதி. கட்டைவிரல் பிடியைவிட்டு நகராமல் எட்டும் இடத்தில் இரண்டு என்கோடர்கள் இருந்தால், பிரேக் சமநிலையையும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் வளைவுக்கு வளைவு மாற்றலாம்.

தலையில் வி.ஆர். கண்ணாடி மாட்டி ஓட்டுபவருக்குப் பொத்தானின் நிறமோ எழுத்தோ தெரியாது. ஒவ்வொரு பொத்தானும் தொடுகையிலேயே அடையாளம் தெரிய வேண்டும்: சுற்றிலும் உயர்ந்த வளையம், வேறுபட்ட மூடி, பொத்தான்களுக்கு நடுவே ஒரு மேடு. பிட் வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தான் மட்டும் உள்ளங்கை தவறிப் படும் இடத்தில் இருக்கவே கூடாது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் அது அழுந்தினால் பந்தயம் அங்கேயே கெட்டது.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும் திரையை வளைவில் யாரும் படிப்பதில்லை. வி.ஆர். ஓட்டுநர் அதைப் பார்ப்பதே இல்லை. மோட்டாருக்கு மேல் நிலையாகப் பொருத்திய தனித் திரை, சிம்ஹப் போன்ற மென்பொருளின் உதவியுடன் அதே வேலையைச் செய்யும். ஸ்டீயரிங்கின் எடையையும் கூட்டாது, ஸ்டீயரிங்கை மாற்றினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேல்விளிம்பில் வரிசையாக எரியும் எல்.இ.டி. விளக்குகள் அப்படி அல்ல. கியர் மாற்றும் நேரத்தையும் மஞ்சள் கொடியையும் ஓரக்கண்ணுக்கே அவை சொல்லிவிடுகின்றன. கண்ணுக்காகச் செலவிடுவதென்றால் அவற்றுக்குச் செலவிடலாம்.

உண்மைக் காரில் உள்ளதே வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு இடம் உண்டு. பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.3 பந்தயக் காருக்காக ஃபனாடெக்குடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட ஸ்டீயரிங் காரிலும் இயங்கும், வீட்டு மோட்டாரிலும் இயங்கும். இரண்டும் ஒரே பொருள். பொத்தான்களின் இடமும் எண்ணிக்கையும் பந்தய ஓட்டுநர்களின் தேவையை ஒட்டி முடிவானவை என்பதால், அதை உற்றுப் பார்ப்பதே ஒரு பாடம். அந்த ஸ்டீயரிங்கில் திரை கிடையாது, பி.எம்.டபிள்யூ. அதைக் காரின் முகப்பில் வைத்திருக்கிறது.

கம்பி, மின்சாரம், கன்சோல்

பொத்தான்களின் செய்தி கணினிக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஒரே நிறுவனத்தின் மோட்டாரும் ஸ்டீயரிங்கும் என்றால், இணைப்பின் வழியாகவே மின்சாரமும் தகவலும் போகும். தொல்லை மிகக் குறைவு. தனித் தயாரிப்பாளர்களின் ஸ்டீயரிங்குகளில் பெரும்பாலும் சுருள் யு.எஸ்.பி. கம்பி இருக்கும். பேட்டரியில் இயங்கும் கம்பியில்லா வகையும் உண்டு. பந்தயத்துக்கு முன் சார்ஜ் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது ஒத்துவராது.

சுருள் கம்பியில் ஒரு தொல்லை அடிக்கடி கேள்விப்படுவது. வலுவான சர்வோ மோட்டார் மின்காந்த இரைச்சலை உண்டாக்குகிறது, அது யு.எஸ்.பி. தொடர்பைக் குலைத்து, பொத்தான்கள் சில நொடி செத்துப்போகலாம். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. ஹப், இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் உள்ள தரமான கம்பி, ரிக்கின் உலோகச் சட்டத்தை முறையாக எர்த் செய்வது ஆகியவை பெரும்பாலும் இதைத் தீர்க்கின்றன.

கன்சோலில் ஓட்டுபவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். யு.எஸ்.பி. வழியே இணையும் தனித் தயாரிப்பாளர்களின் ஸ்டீயரிங்குகள் பெரும்பாலும் கணினிக்கு மட்டுமே. ஃபனாடெக் அமைப்பில் எக்ஸ்பாக்ஸ் உரிமம் ஸ்டீயரிங்கில் இருக்கிறது, ப்ளேஸ்டேஷன் உரிமம் மோட்டாரில் இருக்கிறது. இது தெரியாமல் ஸ்டீயரிங்கை மட்டும் மாற்றி, கன்சோல் எதையுமே அடையாளம் காணாமல் திகைத்தவர்கள் பலர்.

பிடியின் உறையும் பெருவிரலும்

மெல்லிய இழைகள் எழுந்த தோலான ஸ்வேட் உறை புதிதில் அருமையாக இருக்கும். கையுறை போடாமல் ஓட்டினால் வியர்வையும் எண்ணெயும் ஏறி, மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இழைகள் படிந்து பளபளப்பாகி வழுக்கத் தொடங்கும். மென்மையான பிரஷ்ஷும் ஈரத்துணியும் அதைக் கொஞ்ச காலம் மீட்கும், அவ்வளவுதான். கையுறை பிடிக்காதவர்கள் துளையிட்ட தோல் அல்லது வார்க்கப்பட்ட ரப்பர் பிடிக்குப் போவது நல்லது. ரப்பர் துடைத்தால் சுத்தமாகிவிடும். கோடையிலும் பிடி விடாது. தோற்றத்தில் எளிமையாக இருப்பதால் அதை ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல பொருளை இழக்கிறார்கள்.

15 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட மோட்டாரில் ஒரு மோதல் நேர்ந்தால் ஸ்டீயரிங் வெட்டிச் சுழலும். ஃபார்முலா வகையின் மூடிய பிடிக்குள் பெருவிரல் சிக்கினால் காயம் ஏற்படலாம். மோதல் தவிர்க்க முடியாதது என்று தெரிந்ததும் பந்தய ஓட்டுநர்கள் கைகளை எடுத்துவிடுவது இதனால்தான். வீட்டிலும் அதே பழக்கம் வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நிறுவனமும் உதிரிபாகமும்

ஸ்டீயரிங்கின் தகடு பத்து ஆண்டு நிலைக்கும். மென்பொருளும் உதிரிபாகமும் நிறுவனத்தின் ஆயுளைப் பொறுத்தவை. ஃபனாடெக்கின் தாய் நிறுவனமாக இருந்த எண்டோர் 2024-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதே ஆண்டில் கோர்செயர் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அப்படி என்றால் சிறு பட்டறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கேட்க வேண்டியவை வேறு. பேடில் காந்தம், பொத்தான், என்கோடர் ஆகியவை சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் வகையா? பின்மூடியைத் திருகுகளைக் கழற்றித் திறக்க முடிகிறதா, இல்லை பசை போட்டு ஒட்டியிருக்கிறதா? ஸ்டீயரிங்கைக் கணினி ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்காக, தனி மென்பொருள் இல்லாமலே அறிந்துகொள்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், தயாரித்தவர் கடையை மூடினாலும் ஸ்டீயரிங் ஓடும்.

இந்தக் காரணத்தாலேயே பழைய உயர்ரக ஸ்டீயரிங்குகள் விற்பனைக்கு வரும்போது அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் என்கோடர்கள் ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு சுற்று திருப்பி, கணினித் திரையில் எண்ணிக்கை தவறாமல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த என்கோடர் ஒன்றைத் தாவும் அல்லது ஒன்றைத் திரும்ப எண்ணும். கிளட்ச் பேடில்களை மெல்ல இழுத்து விட்டு, அளவு சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். சுருள் கம்பியை அது ஸ்டீயரிங்கில் நுழையும் இடத்தில் பிடித்து இலேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். கம்பிகள் முதலில் அறுவது அங்கேதான். பிடியின் உறை கிழிந்திருந்தால் பேரம் பேசலாம், தையல்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நடுத்துளைகளைச் சுற்றித் தகட்டில் மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.